ஜப்பான் காடை முனிவேல்

கொட்டகைக் கதவைத் திறப்பதற்கு முன் முனிவேல் மூங்கில் தட்டியில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே நானூறு காடைகள். சோளம் பொரிவதுபோலச் சத்தம் சீராக இருந்தால் எல்லாம் நலம். கீச்சென்று மேலே ஏறினால் குளிர். ஒரு மூலையில் மட்டும் அடங்கிக் கிடந்தால் அங்கே எலியோ சாரையோ வந்துபோயிருக்கிறது. கேட்டு முடித்த பிறகுதான் நாதாங்கியை எடுப்பார். எடுக்கும்போது "ஆகண்டம்மா, ஆகண்டி" என்பார். பொறுங்க தாயிங்களா என்று அர்த்தம். மனைவி கெம்பம்மாவிடம் கன்னடம், ஊரில் தமிழ், காடைகளிடம் மட்டும் தெலுங்கு. ஏன் என்று கேட்டால், "தெலுங்குல திட்டுனா இதுங்களுக்குக் கோவம் வர்றதில்லீங்க" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. ஒடிசலான உடம்பு, முழங்காலுக்குக் கீழே முள் கிழித்த கோடுகள். எப்போதும் ஒரு நீலச் சட்டை. அதன் பையின்மேல் சிவப்பு நூலில் 'சுடலைமுத்து' என்று தைத்திருக்கும். வேலையை விட்டுத் தெற்கே ஊருக்குப் போன ஒரு தொழிலாளி கொடுத்துவிட்டுப் போன யூனிபாரம் அது. ஓசூர்த் தொழிற்பேட்டை கேட்டில் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, "சுடலைமுத்தண்ணே, இருவது முட்டை குடுங்க" என்பார்கள். முனிவேல் திருத்துவதில்லை. "கூப்புட்டா நிக்கிறோம், அவ்ளோதான். பேரு யாருதா இருந்தா இன்னா, முட்டை நம்புளுது."

சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர் அவருடையது. காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் கிளம்புவார். பின்னால் இரண்டு பக்கமும் மூங்கில் கூடையில் காடைகள், முன்னால் ஒரு தகர டப்பாவில் உமி போட்டு அடுக்கிய முட்டைகள். வழி நெடுக மணி அடித்துக்கொண்டே போவார். ஆள் குறுக்கே வந்தாலும் அடிப்பார், ஆளே இல்லாத ரோட்டிலும் அடிப்பார். காரணம் இருக்கிறது. பதினைந்து வருஷம் அவருடைய சைக்கிளில் மணியே கிடையாது. மட்கார்டு கடகடக்கக் கூடாதென்று இடுக்கில் துணி திணித்து வைத்திருந்தார். கேரியரில் ஐந்தடுக்கு டிபன் தூக்கு தொங்கும். மேல் அடுக்கில் ராகிக் களி. கீழே நான்கு அடுக்கிலும் காட்டு முயலோ பன்றியோ துண்டு போட்ட கறி.

எழுபத்து மூன்று, நாலு வாக்கில் ஓசூரில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியபோது ஆரம்பித்தது அது. மதுரை, திருநெல்வேலி, சேலம் என்று பல பக்கத்திலிருந்தும் பையன்கள் வந்து இறங்கினார்கள். ஓர் அறையில் ஆறு பேர். வாரம் முழுக்க மெஷின், ஞாயிற்றுக்கிழமை நாக்கு. காட்டுக் கறி என்றால் மெஸ்ஸுகளில் வரிசை நிற்கும். அந்த வரிசைக்காகத்தான் முனிவேல் காட்டுக்குள் போனார்.

அதற்கு முன்பும் ஊரில் கண்ணி வைத்தார்கள். கத்தாழை நாரில் திரித்த கண்ணி. மழை பெய்தால் நார் இற்றுப்போகும். பன்றி மாட்டினால் அறுத்துக்கொண்டு ஓடிவிடும். போனது போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். தொழிற்சாலைகள் வந்த பிறகு காயலான் கடைகளில் கழிவு கிளச் வயர் கூடை கூடையாகக் கிடைத்தது. அது மழைக்கு இறாது. எந்தப் பன்றியாலும் அறுக்க முடியாது. இழுக்க இழுக்க இறுகும். முனிவேல் அதற்கென்று ஒரு முடிச்சையும் கண்டுபிடித்தார். சுற்றுவட்டாரத்தில் வேறு யார் கைக்கும் வராத முடிச்சு. உள்ளே போன கால் வெளியே வராது.

முதல் சில வருஷம் பத்துக் கண்ணிக்கு இரண்டு விழுந்தது. பிறகு முப்பதுக்கு ஒன்று. பிறகு ஐம்பதுக்கு ஒன்று. குறையக் குறைய முனிவேல் கம்பியைக் கூட்டினார். "கெணத்துல தண்ணி கொறஞ்சா கவுத்த நீட்டுற மாதிரிங்க. தண்ணி ஏன் கொறையுதுன்னு நான் கேக்கல. கவுறு பத்தலன்னு நெனச்சேன்."

எண்பத்தெட்டு கார்த்திகையில் ராகி கதிர் முற்றியிருந்தது. அந்த மாதங்களில் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைகள் வரும். பகலில் சானமாவுக் காட்டில் தங்கி, பொழுது சாய்ந்ததும் வயலில் இறங்கும். அந்த வருஷம் இன்னும் வரவில்லை என்று ஊரில் பேச்சு. அதை நம்பி கெம்பம்மா மத்தியானம் துடைப்பப் புல் அறுக்கப் போனார். முனிவேல் அப்போது ஓசூரில் தூக்கை இறக்கிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு வீடு திரும்பியபோது மாடு தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தது. கெம்பம்மாவைக் காணவில்லை.

காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே வழியில் பச்சை யானை லத்தி கிடந்தது. முனிவேல் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். சூடு ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் கெம்பம்மாவின் அரிவாள். அப்புறம் உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. உள்ளங்கையை விரித்து, வராதே என்று சொன்னது.

கெம்பம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் நீண்டு கிடந்தது. கணுக்காலில் கம்பி. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்திருந்தார். முப்பதடிக்கு அப்பால் ஒரு பெண் யானையும் குட்டியும் மூங்கிலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் இன்னும் கிளை முறியும் சத்தம். கெம்பம்மா அந்தச் சத்தத்துக்கு நடுவே இரண்டு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

முனிவேல் வயிற்றால் ஊர்ந்து போனார். அரிவாளுக்கு அந்தக் கம்பி அறுபடாது. முடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டும். சதையை உள்ளே அமுக்கி, கம்பியைப் பின்னால் தள்ளித் தள்ளி, ஒரு நெல் அளவு, இன்னொரு நெல் அளவு. ரத்தத்தில் விரல் வழுக்கியது. கெம்பம்மா வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு அவர் காதோடு கேட்டார்.

"ஏன்ரீ, இது நிம்து தானே?"

இது உங்களுடையதுதானே என்று. முனிவேல் தலையை ஆட்டினார். அந்த முடிச்சுக்கு வேறு சொந்தக்காரன் கிடையாது.

பெண் யானை ஒரு தடவை திரும்பித் துதிக்கையைத் தூக்கியது. காற்று அவர்கள் பக்கமாக வீசிக்கொண்டிருந்ததால் வாடை போகவில்லை. குட்டி மறுபக்கம் நகர்ந்தது. தாயும் அதன் பின்னால் போனது. கால் வெளியே வந்ததும் இருவரும் புதரோடு புதராகத் தவழ்ந்து, ராகி வயல் வரப்பு வந்த பிறகுதான் எழுந்தார்கள். கெம்பம்மா வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். திட்டவில்லை. அழவில்லை. காட்டைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒளகே இன்னும் எஷ்டைதெ?"

உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறது. முனிவேல் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அறுபதா, எழுபதா, எண்பதா. வைத்த அவருக்கே தெரியவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

யானைகள் இடம் மாறிய பிறகு பன்னிரண்டு நாள் காட்டுக்குள் போய்க் கம்பிகளைத் தேடி எடுத்தார். அறுபத்தொன்று கிடைத்தது. பதினான்கில் எலும்பு. முயல், நரி, ஒரு புள்ளிமான் குட்டி, முள்ளு மட்டும் மிஞ்சிய முள்ளம்பன்றி. எதையும் யாரும் தின்னவில்லை. "நாம தின்னத விட கம்பி தின்னது ஜாஸ்திங்க." வாசல் கல்லில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக ஒவ்வொன்றையும் சாண் சாணாக நறுக்கினார். மறுபடி யாரும் அதைக் கண்ணியாக்கக் கூடாது. நறுக்கிய துண்டுகளை மூட்டை கட்டி, வாங்கிய அதே காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த கவலை பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்பேட்டைக்கு எதிரே மெஸ் நடத்துகிறவர். முனிவேலின் தூக்கு பெரும்பாலும் காலியாவது அங்கேதான். கொல்லைப்புறம் வழியாகப் போய், நடந்ததைச் சொல்லி, "இனிமேட்டு காட்டுக் கறி வராதுக்கா" என்றார்.

பேச்சியம்மாள் கரண்டியைச் சட்டியில் சாய்த்து வைத்தார். "அந்தத் தாயி நடக்காளா?"

"நொண்டிகிட்டு நடக்குதுக்கா."

"பொழச்சாளே, அது போதும்." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நான் உங்ககிட்டக் கறிதான அண்ணாச்சி கேட்டேன், காட்டையா கேட்டேன்? ஞாயித்துக்கெளம எலையில ஒண்ணு வித்தியாசமா விழணும். இல்லன்னா இவனுவ அடுத்த மெஸ்ஸுக்குப் போயிருவானுவ. அது எங்கன இருந்து வந்தா எனக்கென்ன? வேற ஏதாவது பாருங்க. ரெண்டு மாசம் பொறுத்துக்கிடுதேன்."

கெலமங்கலத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருந்த தஸ்தகீர்தான் அந்த வேறு ஏதாவதைக் கொடுத்தவர். ஓர் அரசுப் பண்ணையிலிருந்து நூறு ஜப்பான் காடைக் குஞ்சுகளைச் சோதித்துப் பார்க்க வாங்கி வந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். "முனிவேலு, இத்தப் பாரு, கட்டைவெரல் சைசுக்குக்கூட இல்ல. வூட்டுல பூனை வேற சுத்துது. நீ காட்டோரம் பொறந்தவன், எடுத்துகினு போ. பொழச்சா உனக்கு, செத்தா எனக்கு." அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு நூறையும் கையில் கொடுத்துவிட்டார்.

மார்கழி ஓசூர்க் குளிர். இரண்டே நாளில் முப்பத்தெட்டு செத்தன. குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கியவை பாதி, தண்ணீர்த் தட்டில் விழுந்து முங்கியவை மீதி. முனிவேல் செத்தவற்றை அள்ளிக் குழியில் போட்டுவிட்டு வந்து காட்டைப் பார்த்து உட்கார்ந்தார். பதினைந்து வருஷமாகக் கொல்லத் தெரிந்த கைக்கு நூறு குஞ்சை உயிரோடு வைத்திருக்கத் தெரியவில்லை.

கெம்பம்மாவுக்குக் கால் வீங்கி வயலுக்குப் போக முடியாத சமயம். "சும்னே குத்துகோபேடி" என்று கணவரை அதட்டினார். சும்மா உட்காராதீங்க என்று. பழைய மண்பானையில் கரித்தணலைப் போட்டு, மேலே ஓட்டை மூடியால் மூடி, குஞ்சுகளுக்கு நடுவில் வைக்கச் சொன்னார். குஞ்சுகள் பானையைச் சுற்றி வட்டமாகப் படுத்தன. ஏறி மிதிப்பது நின்றது. தண்ணீருக்கு வழி முனிவேலுக்குத் தோன்றியது. காட்டு ஓடையில் சின்னப் பறவைகள் ஆழமான இடத்தில் குடிப்பதில்லை, கூழாங்கல் கிடக்கிற ஓரத்தில் கல்மேல் நின்றுதான் குடிக்கும். எத்தனையோ தடவை மறைந்திருந்து பார்த்திருக்கிறார். ஒரு கூடை கூழாங்கல் பொறுக்கிவந்து தட்டில் பரப்பினார். அதன்பிறகு ஒன்றும் முங்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது காடைகள் பேச்சியம்மாள் மெஸ்ஸுக்குப் போயின. மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுவல். முனிவேல் உள்ளே போகவில்லை. கொல்லையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று காதைக் கொடுத்தார். முதல் பந்தி உட்கார்ந்தது. எலும்பு கடிபடும் சத்தம் மட்டும். பிறகு நல்லுசாமியின் குரல். சேலத்துக்காரர், லேத் ஓட்டுகிறவர், அந்த மெஸ்ஸில் ருசிக்குத் தீர்ப்பு சொல்வது அவர்தான்.

"இதாங்க்கா காட்டு ருசி! அப்படியே மணக்குது பாருங்க."

பேச்சியம்மாள் பொய் சொல்லியிருக்கலாம். முனிவேல் மனசுக்குள் அவரைக் கெஞ்சினார். பேச்சியம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "காடுமில்ல மேடுமில்ல. நம்ம முனிவேல் அண்ணாச்சி கூண்டுல தீவனம் போட்டு வளத்தது."

முனிவேல் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கூண்டுலயா?" என்றார் நல்லுசாமி. கையில் இருந்த எலும்பைத் திருப்பிப் பார்த்தார். "அப்படின்னா வாரா வாரம் கெடைக்குமா?"

முனிவேல் தொட்டி ஓரத்திலேயே குந்திவிட்டார். காட்டுக் கறி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வாரா வாரம் என்ற சொல்லை அந்த மெஸ்ஸில் அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, காதுல விழுந்துச்சா? தரையில கெடக்கேரு, எந்திச்சு வந்து சாப்பிடும்" என்றார். அன்றைக்கு முன்வாசல் வழியாகப் போய் இலையில் உட்கார்ந்தார்.

எல்லாம் அப்படியே நேராகப் போய்விடவில்லை. மூன்று மாதம் கழித்துச் சானமாவு ரோட்டில் வனக்காவலர் பாஸ்கரன் மறித்தார். பழைய முனிவேலை அவருக்கு நன்றாகத் தெரியும். பிடிக்க முடிந்ததில்லை, அவ்வளவுதான். கூடைத் துணியைத் தூக்கியவர் முகம் மலர்ந்துவிட்டது. "காடை! மாட்டினியா?" முனிவேல் ஜப்பான் என்றார், பண்ணை என்றார், தீவனம் என்றார். பாஸ்கரன் எதையும் காதில் வாங்கவில்லை. கூடையோடு ரேஞ்ச் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். "பதினஞ்சு வருசம் தப்பு பண்ணேன், ஒரு நாளும் புடிக்கல. ஒழுங்கா இருந்தேன், அன்னிக்குத்தான் புடிச்சாரு" என்று முனிவேல் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அன்று சிரிப்பு வரவில்லை.

ரேஞ்சர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சாட்சியாக ஒரு காடையை மேசைமேல் எடுத்து விட்டிருந்தார்கள். அது பைல்களுக்கு நடுவே இரண்டு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்தது. எழுந்தபோது பைல்மேல் புள்ளி புள்ளியாக ஒரு முட்டை. அந்த நேரம் பார்த்து ரேஞ்சர் உள்ளே வந்தார். முட்டையைப் பார்த்தார், பாஸ்கரனைப் பார்த்தார்.

"ஏம்பா, காட்டுல இருந்து புடிச்சிட்டு வந்த பறவை ஆபீசு மேசைல உக்காந்து முட்டை போடுமா?"

தஸ்தகீர் பண்ணை ரசீதோடு வந்து சேர்வதற்குள் முனிவேலை அனுப்பிவிட்டார்கள். இப்போது பாஸ்கரன் வாரத்துக்கு இரண்டு தடவை அதே ரோட்டில் மறிக்கிறார். மனைவிக்கு ரத்தம் குறைவாம், டாக்டர் முட்டை தின்னச் சொன்னாராம்.

ஊரில் எல்லோரும் கண்ணியை விட்டுவிட்டார்கள் என்றால் பொய். முனிவேலைப் பார்த்து இரண்டு வீட்டார் காடை வளர்க்கிறார்கள். கூட வேட்டைக்கு வந்த ஒருவர் ஆறு மாதம் வளர்த்துவிட்டு, கொட்டகை நாற்றம் பிடிக்கவில்லை என்று திரும்பக் காட்டுக்கே போய்விட்டார். அவரைப் பற்றிக் கேட்டால் முனிவேல் பேச்சை மாற்றுவார். தொண்ணூற்றொன்றில் ஒரு சீக்கு வந்து பாதிக் காடைகள் ஒரே வாரத்தில் போயின. அப்போதும் கெம்பம்மாதான் பானையில் தணலைப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கெம்பம்மாவின் கணுக்காலைச் சுற்றி வெள்ளையாக ஒரு தழும்பு ஓடுகிறது. விருந்தாளிகள் கேட்டால் சேலையை ஒரு விரற்கடை தூக்கிக் காட்டுவார். "கட்டிக்கினு இருவத்தாறு வருசத்துல ஒரே ஒரு கொலுசு போட்டு உட்டாரு. அதுவும் கம்பில." முனிவேல் காதில் விழாததுபோல முட்டைகளை உமியில் புதைத்துக்கொண்டிருப்பார். ஆனால் நன்றாகத் தூங்குகிறார். அதைக் கெம்பம்மாவே சொல்கிறார். முன்பெல்லாம் நாய் குரைத்தால் எழுந்து பின்பக்கம் போய் நிற்கிறவர், இப்போது குறட்டையில் நாயைத் தோற்கடிக்கிறாராம்.

சாயங்காலம் தட்டுகளைத் தட்டிச் சுத்தம் செய்கிற நேரம். சிந்திய தீவனம் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குவியலாகச் சேர்ந்துவிடும். ஒரு நாள் முனிவேல் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு அந்தப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். ராகித் தாள் மண்டிய வயலிலிருந்து ஒரு கௌதாரி வந்திருந்தது. பின்னால் ஏழு குஞ்சுகள். தாய் கிளறிக் கொடுக்க, குஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பொறுக்கின.

"ஏன்ரீ, நீரு?" என்று உள்ளிருந்து கெம்பம்மா தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார்.

முனிவேல் வாளிகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். நடந்தால் சடசடக்கும் ரப்பர் செருப்பு இரண்டையும் கழற்றி இடுப்பு வேட்டியில் செருகினார். மறுபடி வாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், முள்வேலியைச் சுற்றி நீளமான வழியில் வெறுங்காலோடு நடந்தார்.